நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்

மூக்கம்மாளுக்கு இழைக்கப்பட்ட அநீதி இது: தனக்கு யாரும் இல்லை என்று அவர் சொன்னார். நாலே நாளில் அவருக்கு ஒரு தம்பியைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

கண்டுபிடித்தவர் ரத்தினவேல். கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் எரிச்சலூட்டுவதே அதுதான்.

காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பதினான்கு வருடம் காணாமல் போனவர்களைத் தேடும் வேலை. தேடினால் கிடைக்காத ஆள் கிடையாது என்று பெயர் வாங்கியிருந்தார். அறுபத்தொரு வயதில் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த வீடற்றோர் காப்பகத்துக்கு வந்து, கேஸ் மேனேஜர் ஜெசிந்தாவின் முன்னால் நின்றார்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்து நாலு வயது. பதினோரு வருடமாக அந்த வேலையில் இருந்தாள்.

"எனக்கு ஆளுங்களைத் தேடத் தெரியும் மேடம். மத்ததை நீங்கதான் கத்துக் குடுக்கணும்."

"தேடுறதை நிறுத்தத் தெரியுமா சார்?"

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார்.

காப்பகத்தில் கீழே ஆண்கள், மாடியில் பெண்கள். கீழே இருந்த சவரிமுத்து செருப்புத் தைப்பவர். எட்டு வருடமாக அங்கே இருந்ததால், புதிதாக வருகிற எவரையும் சோதித்துப் பார்க்கும் உரிமை தனக்கு உண்டு என்று நினைத்திருந்தார்.

"ஏட்டையா, கேஸ் மேனேஜர்னு போர்டு போட்டிருக்கே. சிலிண்டர் குடுப்பீங்களா?"

"யோவ், இது வேற கேஸ்யா."

"அப்ப என்ன கேஸு? திருட்டுக் கேஸா, அடிதடிக் கேஸா?"

ரத்தினவேல் அறைக்குள் தலையை நீட்டினார். "மேடம், இங்க கேஸ்னா என்ன?"

"இப்ப உங்களைக் கேலி பண்ணினாரே, அவர்தான்."

ரத்தினவேல் திரும்பிச் சவரிமுத்துவைப் பார்த்தார். சவரிமுத்து சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

இரண்டாவது மாதத்தில்தான் மூக்கம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை மட்டும். ஜெசிந்தா அன்று காலைதான் வேறு ஊரில் ஒரு பயிற்சிக்குக் கிளம்பிப் போயிருந்தாள். சேர்க்கைப் படிவத்தை ரத்தினவேல்தான் நிரப்பினார்.

"பேரு?"

"மூக்கம்மா."

"என்ன வேலை செஞ்சீங்க?"

"கல்யாணச் சமையலுக்குப் போவேன் ஏட்டையா. இப்பக் கண்ணு சரியில்ல. உப்பா சீனியான்னு நாக்குல வச்சுத்தான் பாக்கணும். அதான் கூப்பிட மாட்டேங்கிறாங்க."

"ஊரு?"

"அது எதுக்கு?"

"சொந்தக்காரங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

ரத்தினவேல் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டார். அவர் அனுபவத்தில், யாரும் இல்லாத மனிதர் என்று ஒருவர் கிடையாது. இன்னும் கிடைக்காத தகவல் என்று ஒன்றுதான் உண்டு.

கல்யாணச் சமையல் என்ற ஒரு நூல் போதுமானதாக இருந்தது. நாலு மண்டபத்தில் விசாரித்தார். ஒரு சமையல் மாஸ்டர், "நம்ம வேப்பனூத்து மூக்கம்மாக்காவா?" என்றார். மூன்றாவது நாள் தம்பியின் செல்போன் எண் கையில் இருந்தது. நாலாவது நாள் தம்பி பால்ச்சாமி வேனோடு வாசலில் நின்றான்.

ஜெசிந்தா திரும்பி வந்தபோது மாடியில் ஒரு பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ரத்தினவேல் ஃபைலை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். குழந்தை ரேங்க் கார்டைக் காட்டுவது போல.

"நாலே நாள் மேடம். அந்தத் தம்பி என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டார். 'அக்கா இல்லாம வீடே நடக்கலை சார்'ன்னார்."

ஜெசிந்தா ஃபைலைத் திறந்தாள். கடைசித் தாள் ஒப்படைப்புப் படிவம். அந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். தொலைந்த பைக் கிடைத்தால் ஒப்படைப்பு. பறிபோன சங்கிலி கிடைத்தால் ஒப்படைப்பு. வீட்டை விட்டு வந்த பெண்ணுக்கும் அதே சொல். ஸ்டேஷன் படிவம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து, மேலே தலைப்பை மட்டும் மாற்றி, யாரோ எப்போதோ காப்பகத்துக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கீழே இப்படி இருந்தது: மேற்படி நபரை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். அதற்குக் கீழே பால்ச்சாமியின் கையெழுத்து. அதற்கும் கீழே ரத்தினவேலின் கையெழுத்து.

"அவங்க கையெழுத்து எங்க சார்?"

"இதோ, பால்ச்சாமின்னு..."

"மூக்கம்மா கையெழுத்து."

ரத்தினவேல் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். "அதுக்கு இதுல இடம் இல்லையே மேடம்."

"போகும்போது என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. பேசாம வேன்ல ஏறிட்டாங்க." தாளைக் கீழே வைத்துவிட்டு, "தப்புப் பண்ணிட்டேனா மேடம்?" என்றார்.

ஜெசிந்தா புதிய சேர்க்கைப் படிவம் ஒன்றை எடுத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

"உக்காருங்க சார். பேரு?"

"என்ன மேடம் விளையாட்டு?"

"பேரு?"

"ரத்தினவேல்."

"வயசு?"

"அறுபத்தொண்ணு."

"சொந்தக்காரங்க?"

"சம்சாரம் தவறிட்டா. வேற..." நிறுத்தினார். "வேற யாரும் இல்ல."

"பிள்ளைங்க?"

"ஒரு மக இருக்கா. பேச்சுவார்த்தை இல்ல. ஆறு வருஷமாச்சு."

"அவங்க நம்பர்?"

"அது எதுக்கு மேடம் உங்களுக்கு?"

"நாளைக்கு நீங்க இங்க மயங்கி விழுந்தா ஒப்படைக்கணும்ல?"

"அவகிட்டயா?"

"பரவால்ல, நம்பர் குடுக்காட்டி நானே விசாரிச்சுக்கிறேன். நாலு நாள் போதும்."

ரத்தினவேல் எழுந்துவிட்டார். காக்கிச் சட்டை போட்டிருந்த காலத்துக் குரல் வெளியே வந்தது. "என்னைக் கேக்காம என்னை அவகிட்ட ஒப்படைக்க நீங்க யாரு?"

வராந்தாவில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த சவரிமுத்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

ஜெசிந்தா படிவத்தில் எதையோ எழுதி, அவர் பக்கம் திருப்பி வைத்தாள். உறவினர் என்ற இடத்தில், 'யாரும் இல்லை என்கிறார்' என்று எழுதியிருந்தாள்.

ரத்தினவேல் நின்றுகொண்டே அதை ரொம்ப நேரம் படித்தார். மூன்றே சொல்தான்.

அன்று மதியமே வேப்பனூத்துக்குப் பஸ் ஏறினார்.

மறுநாள் காலையில் வந்து சொன்னார். "பாத்தேன் மேடம். நல்லா இருக்கேன்னு சொன்னாங்க."

"யார் முன்னாடி சொன்னாங்க?"

"தம்பி பக்கத்துல நின்னாரு."

"என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?"

"பின்பக்கம் துணி அலசிக்கிட்டு இருந்தாங்க. அந்தத் தம்பியோட மாமனார் மூணு வருஷமாப் படுக்கையில கெடக்காராம். எல்லாம் படுக்கையிலதான். அவரு துணி." குரல் இறங்கியது. "'எங்க அக்கா கை பட்டாத்தான் அவருக்குச் சோறு இறங்கும்'ன்னு தம்பி பெருமையாச் சொன்னாரு."

அக்கா இல்லாமல் வீடே நடக்கவில்லை என்று அவன் அழுதது பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதையும் கவனிக்க வேண்டும்.

"நாளைக்கு நான் போறேன்" என்றாள் ஜெசிந்தா.

அவள் போனபோது மூக்கம்மாள் அங்கே இல்லை. கிணற்றடியில் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தின நாள் சாயங்காலமே எங்கோ கிளம்பிப் போயிருந்தார். ரத்தினவேல் பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல், ஆஸ்பத்திரி எல்லாம் தேடலாம் என்றார். ஜெசிந்தா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"அப்ப எப்படிக் கிடைப்பாங்க?"

"அவங்க என்ன தொலைஞ்சா போயிருக்காங்க?"

இருபது நாள் கழித்து, ஒரு முற்பகலில், கேட்டுக்கு வெளியே மூக்கம்மாள் நின்றார். பஸ் ஸ்டாண்டில் படுத்து எழுந்த புழுதி புடவையில் இருந்தது; வேறு போக்கிடம் கிடைக்கவில்லை போலும். படியைக் காலால் தடவி ஏறினார். சேர்க்கை மேசையில் ரத்தினவேல்.

"வாங்கம்மா, வாங்க. உக்காருங்க." படிவத்தை எடுத்தார். பெயரைக் கேட்காமலே 'மூ' என்று எழுதத் தொடங்கினார்.

"ராசாத்தி" என்றார் மூக்கம்மாள்.

"என்னம்மா?"

"பேரு ராசாத்தி. ராமநாதபுரம் பக்கம்."

ரத்தினவேல் பேனாவைத் தூக்கினார். "அம்மா, நாம முன்னாடியே பாத்திருக்கோம்."

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க சார். யாரைப் பாத்தேனோ, யாரைப் பாக்கலையோ."

முன்பு ஏட்டையா என்று கூப்பிட்டவர் இப்போது வேண்டுமென்றே சார் என்றார். குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டிருந்தார் என்பது ரத்தினவேலுக்குப் புரிந்தது. ஃபைலோடு உள்ளே போனார்.

"மேடம், பொய் சொல்றாங்க."

"சரி."

"என் முகத்துக்கு நேரா. ராசாத்தியாம். ராமநாதபுரமாம்."

"எழுதிக்கிட்டீங்களா?"

"பொய்னு தெரிஞ்சே எப்படி மேடம் எழுதுறது? முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல நான் தெரிஞ்சு பொய் எழுதினது கிடையாது."

"ஒரு எஃப்.ஐ.ஆர்.கூடவா சார்?"

ரத்தினவேல் அந்தப் பக்கம் போக விரும்பவில்லை. "சரி, பேரை விடுங்க. கண்ணு? போன தடவை நான் கூட்டிட்டுப் போனப்ப கண் டாக்டர் என்ன சொன்னாரு? வலது கண்ணு முழுசாப் புரை மூடிடுச்சு. இடதும் மூடிக்கிட்டு வருது. முத்தவிட்டா கஷ்டம், சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும்னாரு. அரசு ஆஸ்பத்திரியில ஆதார் கேப்பாங்க. கைரேகை வச்சா ஆதார் கெடச்சிரும், ஆனா அதுல மூக்கம்மான்னு வரும். ராசாத்திக்கு எந்த ஆஸ்பத்திரியில படுக்கை குடுப்பாங்க?"

"இதெல்லாம் அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் போன தடவையே சொன்னேன்."

"அப்புறமும் ராசாத்திங்கிறாங்க."

"ஆமா."

"ஏன்?"

ரத்தினவேல் நெற்றியைத் தேய்த்தார். விடை தெரியாமல் இல்லை. சொல்லத்தான் வரவில்லை.

"கண்ணு போனாலும் பரவால்ல, கண்டுபிடிக்காம இருந்தாப் போதும்னு நெனைக்கிறாங்க" என்றார் கடைசியில். "நான் கண்டுபிடிக்காம."

"நீங்க இப்ப என்ன செய்யப்போறீங்க?"

"நான் போய், 'நீங்க யாருன்னு எனக்குத் தெரியும், பயப்படாதீங்க'ன்னு சொல்றேன்."

"ஸ்டேஷன்ல இப்படித்தான் சொல்லுவீங்களா?"

"ஆமா."

"பயம் போயிருமா?"

ரத்தினவேல் மேசைக்குத் திரும்பி வந்தார். 'மூ' என்பதை அடித்துவிட்டு, ராசாத்தி, ராமநாதபுரம் பக்கம் என்று எழுதினார். உறவினர் என்ற இடம் வந்தது.

"சொந்தக்காரங்க யாராவது..."

"யாரும் இல்ல."

"யாரும் இல்லை என்கிறார்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். மூக்கம்மாள் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

அடுத்த மூன்று வாரமும் ரத்தினவேல் அவரை ராசாத்தியம்மா என்றுதான் கூப்பிட்டார். நாக்கு ஒரு தடவைகூடப் பிசகவில்லை. சவரிமுத்துதான் ஒரு நாள் மறந்துபோய், "மூக்கம்மாக்கா, ரசம் இன்னிக்கு நீங்களா?" என்று கத்திவிட்டார். மூக்கம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றார்.

"யாரைய்யா கூப்பிடுற? அவங்க ராசாத்தியம்மா" என்றார் ரத்தினவேல்.

"அட, ஆமா. எனக்கும் கண்ணு போயிருச்சு போல" என்றார் சவரிமுத்து.

மூக்கம்மாள் ரசத்தைக் கலக்கிவிட்டார். ஆனால் கண் ஆஸ்பத்திரிப் பேச்சை யார் எடுத்தாலும், "பாப்போம்" என்ற ஒரே சொல்தான். வெந்நீர்ச் சட்டியைத் தொட்டுத் தொட்டுப் பிடிக்கும் அவர் விரல்களை ரத்தினவேல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஜெசிந்தாவிடம் போய் நிற்பார்.

"இன்னும் எவ்வளவு நாள் மேடம்?"

"அது அவங்க கண்ணு சார்."

"போயிரும் மேடம்!"

"ஆமா, போயிரும்" என்றாள் ஜெசிந்தா. அவள் முகமும் நன்றாக இல்லை.

பால்ச்சாமி ஒரு வியாழக்கிழமை வந்தான். யாரோ சமையல்காரர் ஜங்ஷன் பக்கம் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை அழவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு தாளை உருவினான். ஒப்படைப்புப் படிவத்தின் ஜெராக்ஸ்.

"சார், இது உங்க கையெழுத்துதான?"

"ஆமா" என்றார் ரத்தினவேல்.

"இது என் கையெழுத்து. நீங்க ஒப்படைச்சீங்க, நான் வாங்கிக்கிட்டேன். குடுத்ததைத் திருப்பி எடுத்து வச்சுக்கிட்டா என்ன சார் அர்த்தம்?"

"உங்க அக்கா என்ன வேனா, வாங்கிக்கிட்டுப் போறதுக்கு?"

"பேச்சு வேணாம் சார். அவளுக்குக் கண்ணு தெரியாது. எங்கயாச்சும் விழுந்து கெடந்தா ஊரு என்னைத்தான் பேசும். அங்க என் மாமனாரு சாப்பிட மாட்டேங்கிறாரு. என் சம்சாரம் மில்லுக்குப் போகணுமா, அவரைப் பாக்கணுமா? அக்கா இங்க இருக்காளா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

அதுவும் நியாயமான கேள்வி போலத்தான் இருந்தது. இப்படிப்பட்ட ஆட்களின் கேள்விகள் எப்போதும் நியாயமானவை போலவே இருக்கும்.

ரத்தினவேல் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். ஜெசிந்தா வராந்தாவிலேயே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மேடம், இல்லைன்னு சொல்லிரவா? ரெஜிஸ்டர்ல அந்தப் பேரே கிடையாது. வந்து பாத்துக்கன்னு காட்டிரலாம். ஒரு விதத்துல பொய்கூட இல்ல."

ஜெசிந்தா கேட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இல்லாட்டி, இருக்காங்க, அனுப்ப மாட்டேன், போய்யான்னு கழுத்தைப் புடிச்சுத் தள்ளிரவா? எனக்கு ரெண்டும் வரும். நீங்க சொல்லுங்க, எதைச் சொல்லட்டும்?"

"இதை எதுக்கு சார் என்கிட்ட கேக்குறீங்க?"

"நீங்கதான மேடம்..."

சொல்லி முடிக்கவில்லை. ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் சமையற்கட்டு தெரிந்தது.

ரத்தினவேல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சமையற்கட்டுக்குள் போனார்.

மூக்கம்மாள் சுவரோரம் உட்கார்ந்து, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை வேலையை நிறுத்தவில்லை. ஆனால் காது வாசலில்தான் இருந்தது.

ரத்தினவேல் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முழங்கால் சொடுக்கியது.

"ராசாத்தியம்மா."

"சொல்லுங்க."

"வாசல்ல ஒருத்தரு வந்து நிக்கிறாரு. பால்ச்சாமின்னு பேரு. மூக்கம்மான்னு ஒருத்தரு இங்க இருக்காங்களான்னு கேக்குறாரு."

கீரைக் காம்பு கையிலேயே நின்றது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் எதுவும் சொல்லலை."

"ஏன்?"

"என்ன சொல்றதுன்னு உங்களைக் கேக்க வந்தேன். நீங்க என்ன சொல்லச் சொல்றீங்களோ, அதை அப்படியே போய்ச் சொல்லுவேன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்."

"இல்லைன்னு சொல்லச் சொன்னா?"

"இல்லைன்னு சொல்லுவேன்."

"நாளைக்கு மறுபடியும் வந்து நின்னா?"

"மறுபடியும் வந்து உங்களைக் கேப்பேன்."

வெளியே கேட்டை யாரோ தட்டினார்கள். தகரச் சத்தம் உள்ளே வரை வந்தது. ரத்தினவேல் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் பருப்பு கொதித்துப் பொங்கி வந்தது. ஜெசிந்தா வந்து தீயைக் குறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மூக்கம்மாள் காம்பை ஓரமாகப் போட்டார். மடியில் இருந்த இலைகளை முறத்தில் தட்டினார். கையைப் புடவையில் துடைத்தார். அவருடைய ஐம்பத்தைந்து வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. அவசரப்படாமல் யோசித்தார்.

இரண்டாவது தடவையாகத் தகரச் சத்தம் கேட்டது.

"மூக்கம்மா இருக்கா" என்றார். "வரமாட்டா. ரெண்டையும் சொல்லுங்க."